ரத்த வண்டி காவேரி

காவேரியைப் பெண் பார்க்க வந்தவன் வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

ஏரியூரில் பேருந்தைவிட்டு இறங்கும்போது முருகேஷின் முகம் வெளிறிப்போய் சுரைக்காய் நிறத்தில் இருந்தது. தருமபுரியில் தையற்கடை வைத்திருப்பவன், குடிக்காதவன், அதிர்ந்து பேசாதவன். ஒரே ஒரு குறை, சக்கரம் வைத்த எதில் ஏறினாலும் அவனுக்கு வயிறு புரட்டும். வைத்த கேசரியும் பஜ்ஜியும் தட்டோடு அப்படியே உள்ளே திரும்பின. பேச்சு நீண்டதில் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. "நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று காவேரி அண்ணனுடைய தக்காளி லோடு வண்டியின் சாவியை எடுத்தாள். பெண் பார்க்க வந்தவனைப் பெண்ணே ஏற்றிக்கொண்டு போனதை அந்தத் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. பென்னாகரம் தாண்டும் வரை முருகேஷ் தலையை வெளியே நீட்டியபடிதான் வந்தான். ஆனால் ஒரு தடவைகூட "மெதுவாப் போ" என்று சொல்லவில்லை. தருமபுரியில் இறங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா ஓட்டறீங்க" என்றான். காவேரி அங்கேயே, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே, சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வண்டிப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. அண்ணன்கள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், வாசலில் நின்ற டிராக்டர் காணாமல் போகும். நிலக்கடலைக் காட்டைச் சுற்றிப் புழுதி எழும்பினால் அதற்குள் காவேரி இருக்கிறாள் என்று அர்த்தம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், "நர்சிங் போறியா, டீச்சர் டிரெயினிங் போறியா?" என்று கேட்ட அப்பாவிடம், "ஹெவி லைசென்ஸ் போறேன்" என்றாள். அப்பா கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். லைசென்ஸ் வந்ததும் ஊரில் முதலில் அதைக் காட்டிப் பெருமையடித்தவரும் அவர்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு தருமபுரியில் ஓர் அறக்கட்டளை டிரைவர் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். அரூர் தாண்டி சித்தேரி மலை ஊர்களில் மருத்துவ வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் வேலை. அதன் பொறுப்பாளர் சந்திரமோகன் நல்ல மனிதர், எப்போதும் ஒரு காதில் கைபேசியோடு இருப்பார்.

"மலைப்பாதையில ஓட்டிருவியாம்மா?"

"கீழ ஓட்டறதுதாங்க சார் எனக்குக் கஷ்டம். தெருவுக்குத் தெரு ஸ்பீடு பிரேக்கர்."

அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். வேலை கிடைத்தது. கிடைத்த வண்டியைப் பார்த்ததும் காவேரி அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். நீல நிறம், புது டயர், பவர் ஸ்டியரிங், முன்னால் ஏசி. பக்கவாட்டில் ஒரு பெரிய சிவப்புச் சொட்டுப் படம். ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் வண்டி. மலைக்காரர்கள் முதல் நாளே அதற்கு ரத்த வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆளுக்கும் அதுவே பெயரானது. "ரத்த வண்டி காவேரி வந்துருச்சு" என்பார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

மலைக்குப் போன வண்டி அது ஒன்றுதானா என்றால், இல்லை. அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தவர்கள் மூன்று பேர், மூன்று தேசத்தவர்கள். ஒருவருக்கு ரத்தம், ஒருவருக்குக் காசநோய், ஒருவருக்குக் கண். ஆளுக்கொரு வண்டி வாங்கிக் கொடுத்து, ஆளுக்கொரு படமும் ஒட்டியிருந்தார்கள். எக்ஸ்ரே எந்திரம் வைத்த பெரிய வண்டி நெஞ்சு வண்டி. அதை ஓட்டியவர் பச்சியப்பன், ஐம்பது வயதுக்காரர், ஸ்டியரிங்கைத் தொட்டாலே கொட்டாவி விடுகிறவர். கண்ணு வண்டியை ஓட்டியவன் மாதவராஜ். தலைக்குச் சாயம் பூசி, வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டி வைத்திருந்தான்.

மூன்று வண்டிகளும் சித்தேரிக்குப் புதன்கிழமை மட்டும் போகும். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று தேசத்தவர்களும், அரசாங்கத்துக் கிராம செவிலியர் பக்கத்தில் இருந்தால்தான் முகாம் செல்லுபடியாகும் என்று விதி போட்டிருந்தார்கள். செவிலியர் மணிமேகலை புதன்கிழமை தவறாமல் சித்தேரியில் இருப்பார். ஏன் என்றால் அன்றைக்குத்தான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஆக, வாரத்திலேயே அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத ஒரு நாளைத் தேடிப் பிடித்து, மூன்று வண்டிகளும் போய் அவரைச் சுற்றி நின்றன. "மத்த நாளெல்லாம் நான் என்ன செத்தா போயிடறேன்?" என்று அவர் கையில் ஊசியோடு கேட்பார்.

அது மட்டுமா! போட்டோ எடுத்தால் அதில் அடுத்தவர் வண்டி விழக்கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று வண்டிகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, பங்காளிச் சண்டை போட்ட வீடுகள் மாதிரி நிற்கும். நடுவில் சனங்கள் வண்டி வண்டியாக ஏறி இறங்குவார்கள். வண்டிக்கு ஒரு எடை மெஷின், வண்டிக்கு ஒரு தடவை பெயர், வயது, ஊர். ரத்த வண்டியில் கடலை மிட்டாய், நெஞ்சு வண்டியில் சோப்பு, கண்ணு வண்டியில் பிளாஸ்டிக் குவளை. சித்தேரியில் குள்ளம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். ஒல்லியாக, கம்பு மாதிரி உறுதியாக இருப்பாள், ஒரு நோயும் கிடையாது. ஒரு புதன்கிழமையையும் விடமாட்டாள். "கண்ணு வண்டி மெஷின்ல நான் ரெண்டு கிலோ கம்மிங்க. அதையே எல்லாரும் எழுதிக்கங்க" என்று நியாயம் கேட்பாள். குள்ளம்மாளின் ரத்தத்தையும் நெஞ்சையும் கண்ணையும் பற்றி மூன்று தேசங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவள் புருஷனுக்குத் தெரியாது.

இதெல்லாம் காவேரிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? அவளுக்கு வேண்டியது மலையேறும் பாதை. வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, கண்ணாடியில் பள்ளத்தாக்கு சரிந்து விழுவதைப் பார்த்து, மறுபடி மிதித்து ஏறும்போது அவளுக்கு வயிற்றில் ஒரு கிளுகிளுப்பு வரும். புதன்கிழமைக்காக மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் கார்த்திகையில் சந்திரமோகன் மூன்று டிரைவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்றைக்குக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். ஏதோ சரியில்லை என்று காவேரிக்கு அப்போதே தெரிந்தது.

"மூணு பேரும் ஒண்ணாச் சேந்துட்டாங்க" என்றார்.

"யாருங்க சார்?" என்றார் பச்சியப்பன்.

"பணம் குடுக்கறவங்க. இனிமே மூணும் ஒரே கணக்கு. ஒரே மலைக்கு மூணு வண்டி எதுக்குன்னு கேக்கறாங்க. அடுத்த புதன்கிழமை ஒரு டாக்டரம்மா வராங்க, நிர்மலாதேவின்னு. சேலத்துக்காரங்க, பெங்களூருல வேலை. அவங்க பார்த்துட்டு எந்த வண்டி இருக்கணும்னு சொல்லுவாங்க. ஒரு வண்டிதான் இருக்கும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப எந்த வண்டிக்குக் கூட்டம் ஜாஸ்தின்னு பாப்பாங்களோ?" என்றான் மாதவராஜ்.

"என்னைக் கேட்டா? பாப்பாங்கன்னுதான் நினைக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

காவேரி வீட்டுக்கு வந்து முருகேஷிடம், "என் வண்டியைப் புடுங்கப் பாக்கறாங்க" என்றாள். அவன் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை நிறுத்திவிட்டு, "புடுங்கிருவாங்களா? உங்கிட்ட இருந்தா?" என்றான். அவன் கேட்ட விதத்தில் அவளுக்கு ஒரு சவால் கேட்டது.

டாக்டரம்மா வரும் நாளுக்கு மட்டும் செவிலியர் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். ஏற்பாடு இப்படி. காலையில் கண்ணு வண்டி சித்தேரியிலேயே நிற்கும். நெஞ்சு வண்டி பலாமரத்தூருக்குப் போகும். ரத்த வண்டி நொச்சிக்கொட்டாய்க்கு. மத்தியானம் மூன்றும் சித்தேரி மைதானத்தில் வந்து சேர வேண்டும். காவேரி ஒரு திட்டம் போட்டாள். நொச்சிக்கொட்டாயில் இருப்பது கொஞ்சம் வீடுகள்தான். அதனால் போகிற வழியில் சித்தேரி சனங்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கே நிறுத்திவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடும். விடியும்போதே கிளம்பி, பனி விலகாத பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினாள். பின்னால் ரத்தம் சோதிக்கும் எந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லேப் டெக்னீசியன் சோபனா, "அக்கா, வளைவுக்கா, வளைவு!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

சித்தேரி வெறிச்சோடிக் கிடந்தது. குள்ளம்மாள் மட்டும் மைதானத்தில் சீலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனாங்க எல்லாரும்?"

"பச்சியப்பண்ணன் வந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் பலாமரத்தூர் போயிட்டாரு. சோப்பு ரெண்டுன்னு சொன்னாரு."

காவேரிக்குப் பகீர் என்றது. தூக்கத்தில் நடக்கும் மனுசன் தன்னை முந்திவிட்டார்! நொச்சிக்கொட்டாய்க்கு விரட்டினாள். அங்கே பூட்டிய கதவுகளும் ஒரு சேவலும்தான் இருந்தன. படலுக்குப் பின்னால் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "ஊரே கண்ணு வண்டியில போயிருச்சும்மா, சித்தேரிக்கு. பாட்டுப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனான் அந்தப் பையன். எதிர்ல பாத்திருப்பியே?" என்றார்.

பார்த்திருந்தாள். எதிரே பாட்டுச் சத்தத்தோடு போன கண்ணு வண்டியில் ஏகப்பட்ட கைகள் அவளைப் பார்த்து டாட்டா காட்டியதை அவளும் சிரித்துக்கொண்டே திரும்பக் காட்டியிருந்தாள்.

"நல்லா சுத்தி விட்டுட்டானுங்க" என்றாள் குள்ளம்மாள். அவள் சித்தேரியிலேயே ரத்த வண்டியில் ஏறி முன்சீட்டில் ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். "அவனுங்க கூப்பிட்டானுங்க, நான் போகலை. உன் வண்டியில பாட்டு இல்லைதான், ஆனா சீட்டு நல்லாருக்கு."

"ஒருத்தியை வெச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்ணட்டும்?"

"என் தங்கச்சியைக் குடுத்த ஊரு ஊத்துப்பாறை. இப்படியே மேல போனா வந்துரும். அங்க இதுவரைக்கும் ஒரு வண்டியும் போனதில்லை."

"ரோடு இருக்கா?"

"இருக்கற வரைக்கும் இருக்குது."

தார் முடிந்த இடத்துக்கு மேல் வண்டி போகக்கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. பின்னாலிருந்து சோபனா அதை மூன்று விதமான குரலில் எடுத்துச் சொன்னாள். காவேரி முதல் கியருக்கு மாற்றினாள். பாறையும் பள்ளமும் வேரும் செம்மண்ணும் நீல வண்டியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தன. ஓரிடத்தில் ஏதோ படாரென்று முறிந்தது. அதற்குப் பிறகு வண்டி கோயில் மேளம் மாதிரி சத்தம் போட்டது. குள்ளம்மாள் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே, "இன்னும் ஒரு மேடுதான், இன்னும் ஒரு மேடுதான்" என்று ஒவ்வொரு மேட்டுக்கும் சொன்னாள்.

சைலன்சர் தரையில் தேய வண்டி ஊத்துப்பாறைக்குள் நுழைந்தபோது ஊரே வெளியே வந்துவிட்டது. சாமை களத்தில் கிடந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

"ஓட்டு வண்டியா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஓட்டு எப்பவோ போட்டாச்சு மாமா. இது ரத்தம் பாக்கற வண்டி" என்றாள் குள்ளம்மாள்.

"ரத்தமா?" கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

காவேரி கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றாள். ரத்தம், ஊசி, இரும்புச்சத்து என்று பேச ஆரம்பித்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் இப்ப சித்தேரிக்குக் கீழ போறேங்க" என்றாள். "சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடறேன். யாருக்கெல்லாம் சித்தேரியில வேலை இருக்கு?"

 எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் ஓடினார்கள். ரேஷன் கார்டோடு வந்தார்கள். சாமை மூட்டையோடு வந்தார்கள். ஒருத்தி மகள் வீட்டுக்குக் கொடுக்கக் கோழியோடு வந்தாள். கைபேசியில் காசு போட வேண்டும் என்று இரண்டு பேர். ஏழாம் மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மருமகளை, "நீயும் வாடி, பொழுது போகும்" என்று ஒரு மாமியார் இழுத்துக்கொண்டு வந்தாள். குள்ளம்மாளின் தங்கை புருஷன் மாதேஸ்வரன் காலம் தப்பிப் பழுத்த ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே ஏறினார்.

"அக்கா, இது லேப்புக்கா!" என்று சோபனா அலறினாள்.

"லேப்தான். லேப்ல ஆளு இருந்தாத்தானடி டெஸ்ட் பண்ணுவ?"

"எடை மெஷின் மேல பலாப்பழத்தை வைக்கறாருக்கா! ஐயோ, அது மேல உட்கார்றாருக்கா!"

எடை மெஷின் கடைசியாக ஒரு தடவை கீச்சென்று கத்தி அடங்கியது. வண்டி கிளம்பியது. இறக்கத்தில் குலுக்கலுக்குக் குலுக்கல் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஓ" என்றார்கள். மூன்றாவது மேட்டில் அந்த "ஓ" பாட்டாகவே மாறிவிட்டது. கோழி சோபனாவின் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. காவேரி கண்ணாடியில் பார்த்தாள், பின்னால் தலைகள், தலைகளுக்கு மேல் தலைகள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மைதானத்தில் நிர்மலாதேவி ஏற்கனவே வந்திருந்தார். குட்டைமுடி, ஓடுகிறவர்கள் போடும் காலணி, நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து அவர் பார்த்தது இதுதான். சித்தேரியில் கண்ணு வண்டி முன்னால் நின்றவர்களிடம், "நீங்க இந்த ஊரா?" என்று கேட்டால், "இல்லைங்க, நொச்சிக்கொட்டாய்" என்றார்கள். பலாமரத்தூரில் நெஞ்சு வண்டி முன்னால் நின்றவர்களிடம் கேட்டால், "இல்லைங்க, சித்தேரி." "ஏன் உங்க ஊர்லயே பாக்கலையா?" "அங்கயும் பாப்பாங்கங்க, வாராவாரம்." அவர் சந்திரமோகனைத் திரும்பிப் பார்த்தார். சந்திரமோகன் வானத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மேளச் சத்தத்தோடு நீல வண்டி உள்ளே வந்தது. கதவு திறந்ததும் ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாகக் கோழியோடு சோபனா இறங்கினாள்.

"இவங்க எந்த ஊரு?" என்றார் நிர்மலாதேவி.

"ஊத்துப்பாறைங்க மேடம்" என்றாள் காவேரி, மூச்சு வாங்க. "நாங்க எப்பவும் போற ஊருதான்."

"பொய் சொல்லாத காவேரி" என்றாள் குள்ளம்மாள், ரொம்பச் சாதாரணமாக. "இன்னிக்குத்தான் முதல்ல போறோம்."

காவேரிக்குக் காது சிவந்தது. நிர்மலாதேவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி, ரத்தம் பாக்க வந்தாங்களா?"

"ரேஷன் வாங்க வந்தாங்க மேடம்" என்று காவேரி உண்மையைப் போட்டு உடைத்தாள். "ரேஷன் கடை திறக்க இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் பாத்துறலாம்."

பிறகு நடந்த எதையும் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ரத்த வண்டியில் எடை மெஷின் செத்துவிட்டது, ஆகவே சோபனா ஆட்களை நெஞ்சு வண்டிக்கு அனுப்பி எடை பார்த்துவரச் சொன்னாள். நெஞ்சு வண்டியில், "வந்ததுதான் வந்தீங்க, எக்ஸ்ரேக்கு நில்லுங்க" என்றார்கள். காலையிலிருந்து பாட்டுப் போட்டதில் மாதவராஜின் பேட்டரி தீர்ந்து கண்ணு வண்டிக்குள் இருட்டாகிவிட்டது. அவர்கள் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து வெளிச்சம் விழும் நீல வண்டியின் கதவில் தொங்கவிட்டார்கள். பெயரும் வயதும் ஒரே இடத்தில் ஒரே தடவை கேட்டதோடு சரி. முதுகு காட்டி நிறுத்த மறந்ததில் மூன்று வண்டிகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றன. சந்திரமோகன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து மைதானம் முழுக்க ஓடினார். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் மூன்று படங்களும் ஒரே போட்டோவில் விழுந்தன. "ஐயய்யோ" என்றார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். ரேஷன் கடை திறப்பதற்குள் ஊத்துப்பாறை முழுவதையும் பார்த்து முடித்திருந்தார்கள்.

சோபனா வெளியே எட்டிப் பார்த்தாள். "அக்கா, எல்லாமே புது ஆளுக்கா! நான் இந்த மலையில ஒரே நாள்ல இவ்வளவு புது ரத்தம் பாத்ததே இல்லை." ஏழு மாத மருமகளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. மணிமேகலை தடுப்பூசிக்கு நடுவில் ஓடிவந்து, "நாளைக்கே அரூர்ல ரத்தம் ஏத்திரலாம், நான் கூட வரேன், பயப்படாத" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். மாதேஸ்வரனின் நெஞ்சுப் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சளி சோதிக்கணும், காசநோயாக இருந்தால் ஆறு மாதம் மாத்திரை, குணமாகிவிடும் என்று நிர்மலாதேவியே அவரை உட்காரவைத்துச் சொன்னார்.

மாதேஸ்வரன் யோசித்தார். "கறி சாப்பிடலாங்களா?"

"சாப்பிடலாம். நல்லாவே சாப்பிடணும்."

"இதை என் சம்சாரத்துக்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, பலாப்பழத்தை அங்கேயே அறுக்க உட்கார்ந்தார்.

சுளை தின்றுகொண்டேதான் நிர்மலாதேவி தீர்ப்பைச் சொன்னார். கையெல்லாம் பிசின். "எக்ஸ்ரே எந்திரத்தைக் கழட்ட முடியாது. அதனால நெஞ்சு வண்டி இருக்கும். ரத்தமும் கண்ணும் அதுக்குள்ளயே வந்துரும், இன்னிக்கு வந்துச்சே அது மாதிரி. மத்த ரெண்டு வண்டியும் வேண்டாம்."

காவேரி அசையாமல் நின்றாள். நீல வண்டியைப் பார்த்தாள். அதன் சைலன்சர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "கூட்டம் கொண்டாந்தது நான் மேடம்" என்றாள். "அந்தப் பாதையில இவங்க ரெண்டு பேரும் ஏத்துவாங்களா, கேளுங்க! அந்தப் பெரிய வண்டியையாவது எனக்குக் குடுங்க. நான் ஓட்டறேன்."

"நியாயம்தான்" என்றார் பச்சியப்பன், பள்ளிக்கூடத் தூணில் சாய்ந்தபடி. அவர் குரலில் பயம் இருந்தது.

"அது எங்க ஓடப்போகுது?" என்றார் நிர்மலாதேவி. "சித்தேரிக்கு வந்தா நாள் பூரா நிக்கும். நிக்கறதுதான் அதோட வேலை. அதை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?" கையைத் துடைத்துக்கொண்டு, தான் வந்த ஜீப்பைக் காட்டினார். அறக்கட்டளையின் பழைய ஜீப். ஏசி கிடையாது, பெயிண்ட் உரிந்து எந்த நிறம் என்றே சொல்ல முடியாது. "தார் போடாத ஊருங்க இன்னும் எத்தனை இருக்குதோ! அங்க இருந்து ஆளுங்களைக் கொண்டுவர ஒரு வண்டி வேணும். இதை ஓட்ட ஒரு ஆள் வேணும்."

பச்சியப்பனுக்கு உயிர் வந்தது. "மேடம், நிக்கற வண்டிக்கு நானே இருந்துக்கறேங்க" என்றார், அவசர அவசரமாக.

மாதவராஜ் தலையைக் கோதினான். "எனக்கு ஓசூர்ல கம்பெனி பஸ்ஸுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் கிளம்பறேன். இந்த மலையில சிக்னலும் கிடைக்கலை." சிரித்தான், ஆனால் ஸ்பீக்கரைக் கழற்றப் போனவன் ரொம்ப நேரம் கண்ணு வண்டிக்குள்ளேயே இருந்தான்.

காவேரி ஜீப்பை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஓட்டை ஜீப்பையா? ஏரியூரில் அப்பா டீக்கடைக்கு டீக்கடை நீல வண்டியின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இனி இதையா காட்டுவார்?

ரேஷன் அரிசியும் வெறும் கோழிக்கூடையுமாக ஊத்துப்பாறை சனங்கள் வந்து நின்றார்கள். "சாயங்காலம் கொண்டாந்து விடறேன்னியே, ரத்த வண்டி?" நீல வண்டி இனி ஓர் அடி நகராது. காவேரி பெருமூச்சு விட்டு ஜீப்பில் ஏறினாள். முதல் நடை, பிறகு இரண்டாவது நடை. இரண்டாவது நடையில், "நானும் அந்த ஊரைப் பாக்கணும்" என்று நிர்மலாதேவியும் முன்னால் இரண்டு பெண்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தார் முடிந்தது. காவேரி கியரை மாற்றினாள். ஜீப் நாய்க்குட்டி மாதிரி பாறைமேல் தாவி ஏறியது. அவளுக்கே ஆச்சரியம். காலையில் நீல வண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிய மேடு அது, இப்போது ஜீப் கேட்காமலேயே ஏறுகிறது! அடுத்த வளைவில் கொஞ்சம் வேண்டுமென்றே விரட்டினாள். பின்னால் எல்லோரும் "ஓ" என்றார்கள். நிர்மலாதேவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார், பயத்திலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கத்தினார். காற்று நேராக முகத்தில் அடித்தது. ஏசி வண்டியில் இத்தனை வருடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்த காவேரிக்கு, இந்த மலைக்கு ஒரு வாசனை இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஊத்துப்பாறையில் இறங்கியதும் சனங்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்து எப்போது வரும் என்று கேட்டார்கள்.

"புதன்கிழமை" என்று வழக்கத்தில் வாயெடுத்தாள் காவேரி.

"புதன்கிழமை வேணாம்மா. ரேஷன்ல எண்ணெய் போடறது வெள்ளிக்கிழமை. அன்னிக்கு வா. அரிசி ஒரு நாளு, எண்ணெய் ஒரு நாளுன்னு அலைக்கழிக்கறாங்க" என்றார் காலையில் ஓட்டு வண்டியா என்று கேட்ட பெரியவர்.

"வெள்ளிக்கிழமை மணிமேகலை சிஸ்டருக்கும் ஓய்வாத்தான் இருக்கும்" என்றார் நிர்மலாதேவி. "மாத்திக்கலாம். அதுக்கு மேலயும் ஊரு இருக்கா?"

"இருக்குதுங்க. ரெண்டு கொட்டாய். அங்க நடந்துதான் போகணும்."

காவேரி எஞ்சினை அணைக்காமலேயே எட்டி அந்தப் பாதையைப் பார்த்தாள். புதருக்குள் நுழைந்து, ஒரு ஓடையைத் தாண்டி, செங்குத்தாக ஏறி எங்கோ மறைந்தது. மாட்டுத்தடம்தான். ஆனால் ஜீப்பின் அகலத்துக்கு ஒரு விரல் கூடுதலாக இருந்தது. அவள் வயிற்றில் அந்தக் கிளுகிளுப்பு மெதுவாக ஆரம்பித்தது.

"மேடம்" என்றாள், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல். "இந்த ஜீப்பை வேற யாருக்காவது குடுக்கறதா சொல்லியிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"சொல்லிறாதீங்க. அப்புறம், கொஞ்சம் இறங்கி நில்லுங்க. அந்த ஓடை வரைக்கும் போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

"நான் ஏன் இறங்கணும்?" என்று நிர்மலாதேவி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.